பொதுக்குழாய் ஒன்று

பம்ப் அறை
ஜூன் 5

என் சின்னவளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீயும் சுகமென்று நம்பி எழுதுகிறேன். இல்லையென்றால் ஒளிக்காமல் சொல்லிவிடு.

கடிதம் ஈரமாக வந்தால் கோபித்துக்கொள்ளாதே. சோதனைக்குப் போகும் தண்ணீர் பாட்டில்கள் இருக்கும் ஐஸ் பெட்டியிலேயே, பிளாஸ்டிக் உறையில் போட்டு மேலாக வைத்திருக்கிறேன். போன தடவை பெட்டியை எடுக்க வந்த வேன்காரர் வழக்கம்போலக் கேலி செய்தார். "போன்ல பேசினா அரை நிமிஷ வேலை. மகளுக்கு ஐஸ்ல வச்சு கடுதாசி அனுப்புறீங்க, கெட்டுப்போயிடும்னு பயமா சார்?" என்றார். இருபத்தாறு வருஷம் மோட்டார் பக்கத்தில் நின்ற காது இது என்று அவருக்கு எத்தனை தடவை சொல்வது? போன வாரம் நீ போனில் சாப்பிட்டீர்களா என்று கேட்டதற்கு நான் மழையே இல்லை என்று பதில் சொன்னேனாம். பெரியவள் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். எனக்கு எழுத்துதான் தோது.

முக்கியமான சேதி ஒன்று. போன தடவை அனுப்பிய தண்ணீருக்கு ரிப்போர்ட் வந்தது. 'குடிக்க உகந்தது' என்று போட்டு, கீழே பகுப்பாய்வாளர் என்ற இடத்தில் உன் கையெழுத்து. நீ பயிற்சியில் இருந்த இந்த ஒன்றரை வருஷமும் அந்த இடத்தில் வேறு யாரோ புழு நெளிந்ததுபோல் கிறுக்கியிருப்பார்கள். உன்னுடையது எழுத்து எழுத்தாகப் படிக்க முடிகிறது. உன் அம்மா கடைசிவரை கைநாட்டுதான். என் கையெழுத்துக்குச் சம்பளப் பதிவேட்டைத் தாண்டி மதிப்பில்லை. உன்னுடையதன் மேல் முத்திரை குத்தியிருக்கிறார்கள்.

நாலு நகல் எடுத்தேன். ஒன்று அலுவலகப் பலகையில், ஒன்று டீக்கடையில், இரண்டு கடைசித் தெருவில். அந்தத் தெரு ஆட்கள்தான் எப்போதும் தண்ணீரைப் பற்றி ஏதாவது முணுமுணுப்பார்கள். இனி வாய் திறக்க மாட்டார்கள். அதே தெருவில் இருக்கும் பெரியவளிடமும் போய்ச் சொன்னேன், "உன் தங்கச்சியே கையெழுத்துப் போட்டுட்டா, இன்னும் எதுக்கு இதைக் காய்ச்சிக்கிட்டிருக்க?" என்று. அவளுக்கு ஆறாம் மாதம். அடுப்படியில் அதிக நேரம் நிற்க முடியவில்லை. காய்ச்சுவதை விட்டுவிட்டாள்.

அவள் தெருவில் தையல்காரருக்கும் அவர் பையனுக்கும் மஞ்சள் காமாலை. வெளியூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தார்கள். அங்கே எதையோ தின்றிருப்பார்கள்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அப்பா


ஆய்வகம்
ஜூன் 7

அன்புள்ள அப்பா,

நான் நன்றாக இருக்கிறேன். கடிதம் நனையவில்லை. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மை கரைந்திருந்தது. படிக்க முடிந்தது.

அறையில் என்னோடு தங்கியிருக்கும் இருவரும் ஊருக்குப் போயிருக்கிறார்கள். மூன்று கட்டில் உள்ள அறையில் ஒருத்தியாக இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. யாரிடமும் பேச வேண்டியதில்லை. ஆய்வகத்தில் என்னை 'மியூட்' என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறார்கள். திரும்பிப் பார்க்கிறேன், அவ்வளவுதான். மாதத்துக்கு இரண்டு முறை வரும் அந்தப் பெட்டியை அனுப்புவது என் அப்பா என்று இன்னும் யாருக்கும் தெரியாது. முதலில் சொல்லக் கூச்சமாக இருந்தது. இப்போது, ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று கூச்சம்.

ரிப்போர்ட்டை நாலு இடத்தில் ஒட்டியதைப் படித்ததும் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அது அந்தப் பாட்டிலில் இருந்த தண்ணீருக்கு, அந்த ஒரு நாளுக்குக் கொடுத்தது. அதைக் காட்டி யாரையும் காய்ச்ச வேண்டாம் என்று சொல்லக் கூடாது, அப்பா. முக்கியமாக அக்காவை.

இரண்டு விஷயம் எனக்குத் தெரிய வேண்டும். கடைசித் தெருவில் இப்போது எத்தனை பேருக்குக் காமாலை, அவர்களில் கல்யாணத்துக்குப் போகாதவர்கள் யாராவது உண்டா? நீங்கள் பாட்டில்களை எந்தெந்தக் குழாயில் பிடிக்கிறீர்கள்? வேலைக்காகத்தான் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

காதுக்கு டாக்டரைப் பார்க்கிறேன் என்று சொல்லி ஒரு வருஷம் ஆகிறது.

அன்புடன்
சின்னவள்


பம்ப் அறை
ஜூன் 19

என் சின்னவளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீயே கையெழுத்துப் போடுகிறாய், நீயே காய்ச்சச் சொல்கிறாய். இரண்டில் எதை நான் வைத்துக்கொள்வது?

எந்தக் குழாய் என்று கேட்டிருந்தாய். இத்தனை நாளில் ஒருவரும் கேட்டதில்லை. நீ கேட்டது எனக்குச் சந்தோஷம்தான். அலுவலக வாசலில் இருக்கும் பொதுக்குழாய் ஒன்று. ஒன்பது வருஷமாக அதிலேதான் பிடிக்கிறேன். தொட்டியிலிருந்து இருபது அடி. உங்கள் ஆய்வகம் கொடுத்த தாளில், சுத்தமான குழாயில் பிடிக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. ஊரிலேயே சுத்தமான குழாய் அதுதான். மற்றவற்றில் மாட்டைக் கழுவுகிறார்கள், பாத்திரம் தேய்க்கிறார்கள்.

நான் ஏனோதானோவென்று செய்கிறவன் இல்லை. முதல் நாளே குழாயின் வாயைப் பிரஷ் போட்டுத் தேய்த்துவிடுவேன். அன்றைக்குத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் ஒரு கை கூடுதலாகப் போடுவேன். பாட்டிலைக் கழுவ வேண்டாம் என்று மூடியில் ஒட்டியிருக்கிறீர்கள். அது சோம்பேறிகளுக்குச் சொன்னது. நான் மூன்று தடவை வெந்நீரில் அலசுவேன், அடியில் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும், அது போகிறவரை. நீ இந்த வேலைக்கு நேர்காணலுக்குப் போன அன்று பெரியவள் உன் துணியை இரண்டு தடவை இஸ்திரி போட்டாளே, அதுபோலத்தான். பெரிய இடத்துக்குப் போகிற தண்ணீர், பார்க்க லட்சணமாகப் போகட்டும் என்று.

காமாலை இப்போது ஐந்து பேருக்கு. எல்லோரும் கடைசித் தெருதான். கல்யாணத்துக்குப் போனது தையல்காரர் வீடு மட்டும். மற்ற மூன்று பேர் எங்கே போனார்கள் என்று நான் எப்படிக் கண்டேன்? தண்ணீரில் கோளாறென்றால் முதலில் எனக்கல்லவா வந்திருக்க வேண்டும்? நானும் இதே தொட்டித் தண்ணீரைத்தான் குடிக்கிறேன்.

பெரியவளுக்குக் கால் கொஞ்சம் வீங்குகிறது. மாப்பிள்ளை லாரி வேலையை விட்டுவிட்டு உள்ளூரிலேயே ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்துவிட்டார். நல்ல மனுஷன்.

உன் அப்பா


ஆய்வகம்
ஜூன் 21

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இதை எப்படி எழுதினாலும் உங்களுக்கு வருத்தமாக இருக்கும். அதனால் நேராகவே எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பியது தொட்டித் தண்ணீர். ஜனங்கள் குடிப்பது குழாயின் மறுமுனையில் வரும் தண்ணீர். நடுவில் இரண்டு கிலோமீட்டர் குழாய் இருக்கிறது. கடைசித் தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு மணி நேரம்தான் திறக்கிறீர்கள். மற்ற நேரமெல்லாம் அந்தக் குழாய் வெறுமையாகக் கிடக்கிறது. அது போகும் வழியில் பாதி தூரம் சாக்கடை கூடவே வருகிறது. வெறுங்குழாய் சும்மா இருக்காது, அப்பா. விரிசல் எங்கே இருக்கிறதோ அங்கே வெளியில் நிற்பதை உள்ளே இழுத்துக்கொள்ளும். நீங்கள் அடுத்த முறை வால்வைத் திறக்கும்போது அதுவும் சேர்ந்து வீட்டுக்குப் போகும். நீங்கள் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். உங்களுக்கு வராது.

பாட்டிலின் அடியில் வெள்ளையாக ஒட்டியிருப்பது அழுக்கில்லை, மருந்து. தண்ணீரில் இருக்கும் குளோரினை அது அங்கேயே நிறுத்திவிடும். அதைக் கழுவிவிட்டால், இங்கே வந்து சேரும்வரை குளோரின் கிருமியைக் கொன்றுகொண்டே வரும். கிருமி இருந்திருந்தாலும் எங்களுக்குத் தெரிந்திருக்காது.

இது உங்கள் தப்பு மட்டும் இல்லை. வேறு ஊர்ப் பாட்டில்களில் தொடர்ந்து ஒரே குழாயின் பெயர் இருந்தால் நான் எழுதிக் கேட்பேன். ஒரு ஊருக்கு அப்படி இரண்டு கடிதம் போட்டிருக்கிறேன். உங்களுடையதில் 'பொதுக்குழாய் 1' என்று ஒவ்வொரு முறையும் இருந்தது. இரண்டு எங்கே, மூன்று எங்கே என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. உங்கள் எழுத்தைப் பார்த்ததும் அப்பாவுக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். பாட்டிலை வரிசையில் வைத்துவிடுவேன். அவ்வளவுதான் நான் செய்த சோதனை.

தண்ணீரால் பரவும் காமாலை ஒன்று இருக்கிறது. மற்றவர்கள் ஓய்வெடுத்தால் பெரும்பாலும் எழுந்துவிடுவார்கள். கர்ப்பிணிகளுக்கு, அதிலும் கடைசி மாதங்களில், உயிருக்கே ஆபத்தாகலாம். குழந்தைக்கும்தான். அக்காவுக்கு இப்போதே போன் செய்துவிட்டேன். புரண்டு கொதிக்கவிட்டு, ஆறவைத்துக் குடிக்கச் சொன்னேன். சரி என்றாள். முடிந்தால் குழந்தை பிறக்கும்வரை உங்களோடு பம்ப் அறைப் பக்கத்து வீட்டில் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் எட்டுப் பாட்டில் கூடுதலாக வைத்திருக்கிறேன். கடைசித் தெருவில் எட்டு வீட்டில், தண்ணீர் வரும் நேரத்தில் பிடித்து அனுப்புங்கள். எதையும் கழுவாதீர்கள், பவுடர் கூட்டிப் போடாதீர்கள். எப்படி வருகிறதோ அப்படி.

அன்புடன்
சின்னவள்


பம்ப் அறை
ஜூலை 3

சின்னவளுக்கு,

சுகம்.

எட்டுப் பாட்டில்களையும் காலியாகவே திருப்பி அனுப்பியிருக்கிறேன். கழுவவில்லை.

ஒன்பது வருஷம் கொடுத்த ரிப்போர்ட்டெல்லாம் பொய் என்கிறாய். அப்படியென்றால் நான் ஒன்பது வருஷமாக இந்த ஊரைச் சாக்கடை குடிக்க வைத்திருக்கிறேன் என்று அர்த்தம். அதை என் கையாலேயே எட்டுப் பாட்டிலில் பிடித்து, என் கையெழுத்தில் பேர் ஒட்டி அனுப்பச் சொல்கிறாய். இன்னும் இரண்டு வருஷத்தில் ஓய்வு. இதுவரைக்கும் என் மேல் ஒரு புகார் கிடையாது.

போன திங்கட்கிழமை பெரியவள் வீட்டுக்குப் போனேன். அடுப்பில் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "பம்ப்காரர் பொண்ணே காய்ச்சுதே" என்று உள்ளே யாரிடமோ சொன்னாள். எனக்கே கேட்டது, அத்தனை சத்தமாக. நான் பெரியவளிடம், "என் தண்ணியக் காய்ச்சிக் குடிக்கிறது என் பொண்ணாவா இருக்கணும்?" என்று மட்டும்தான் கேட்டேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டாள். அணைக்கச் சொல்லி நான் சொல்லவில்லை.

நீ அங்கே நாலு எழுத்துப் படித்தவள். நான் படிக்காதவன்தான். ஆனால் தண்ணீர் எனக்குத் தெரியும்.

அப்பா


ஆய்வகம்
ஜூலை 5

அன்புள்ள அப்பா,

பாட்டில்கள் வந்தன. அவற்றை மறுபடியும் பெட்டியில் வைத்திருக்கிறேன். அக்காவோடு பேசினேன். "அப்பா வந்தா அணைச்சுடுறேன், நீ போன் பண்ணா காய்ச்சுறேன்னு சொல்றேன். ரெண்டு பேருக்கும் சரின்னு சொல்லிட்டேன், விடுடி," என்றாள். அவள் எப்போதும் அப்படித்தான். அம்மா இறந்த வருஷம் நீங்கள் என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தலாம் என்றபோது, சரி என்று உங்களிடம் சொல்லிவிட்டு, தான் நின்றுகொண்டு என்னை அனுப்பியவள். இந்தச் சரி எனக்குப் பயமாக இருக்கிறது.

நேற்று மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எங்கள் ஆய்வகத்துக்குத் தலைவர் அவர். கதவைத் தட்டி உள்ளே போய், வாயைத் திறக்க எனக்கு ஐந்து நிமிஷம் ஆனது. அதுவரை அவர் ஒரு கோப்பைப் படித்துக்கொண்டிருந்தார். அனுப்புவது என் அப்பா என்று சொன்னேன். ஒரே குழாய் என்று சொன்னேன். நான் கேட்கவில்லை என்றும் சொன்னேன்.

"ஒன்றரை வருஷமா நீ பார்க்கிற பெட்டி. ஏன்மா இப்ப சொல்ற?" என்றார்.

"இப்பத்தான் மேடம் தெரிஞ்சது."

"தெரிஞ்சுக்க வேண்டியது உன் வேலைதானே?"

அவர் கத்தவில்லை. நான் சோதித்த உங்கள் ஊர் ரிப்போர்ட்டுகளை எல்லாம் எடுத்து வரச் சொன்னார். முப்பத்தாறு இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் 'இதை நம்பக் கூடாது' என்று என்னையே எழுதச் சொன்னார். எழுதினேன்.

குழாயின் கடைசியில் மாதிரி எடுக்கும்படி உங்கள் சூப்பர்வைசருக்கு உத்தரவு வரும். ஒரு வாரம் ஆகலாம். அது உங்கள் கைக்கு வருவதற்கு முன்னால் என் கடிதம் வர வேண்டும் என்றுதான் இன்றே எழுதுகிறேன். உங்களுக்குத் தெரியாமல் எதையும் செய்யவில்லை என்று ஆகட்டும்.

அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அப்பா. காய்ச்சிக் குடி என்று நீங்கள் சொன்னால்தான் அவள் செய்வாள்.

சின்னவள்


பம்ப் அறை
ஜூலை 14

சின்னவளுக்கு,

வேன் வரும் நாள் இல்லை. நானே பஸ் ஸ்டாண்டுக்குப் போய், உங்கள் ஊர் பஸ் கண்டக்டரிடம் பெட்டியைக் கொடுத்திருக்கிறேன். எட்டுப் பாட்டில் இருக்கிறது.

பெரியவளுக்கு நாலு நாளாக வாந்தி. மசக்கை என்று நினைத்தோம். ஏழாம் மாதத்தில் என்ன மசக்கை என்று நேற்று மாப்பிள்ளைதான் சந்தேகப்பட்டு வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தார். கண் மஞ்சளாக இருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். டாக்டரம்மா எந்தத் தண்ணீர் குடித்தாள் என்று கேட்டார். நல்ல தண்ணீர்தான், ரிப்போர்ட் இருக்கிறது என்றேன். "உங்க ரிப்போர்ட்டை நீங்களே வச்சுக்குங்க. அந்தத் தெருவிலிருந்து வர்ற பதினோராவது ஆள் இவங்க," என்றார். என் காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னார்.

இன்று காலை கடைசித் தெருவுக்குப் போனேன். வால்வைத் திறக்க அலுவலக வாட்ச்மேனை நிறுத்திவிட்டுப் போனேன். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இத்தனை வருஷத்தில் அந்தத் தெருவில் தண்ணீர் வந்து நான் பார்த்ததே இல்லை. வரும் நேரத்தில் நான் வால்வுக்குப் பக்கத்தில் நிற்பேன், அங்கே எப்படி இருக்க முடியும்? நான் போகும்போதெல்லாம் பெரியவள் குடத்தில் தெளிந்த தண்ணீரை மொண்டு கொடுப்பாள்.

அழுத்தம் இல்லாததால் வீட்டுக்கு வீடு வாசலில் இடுப்பளவு குழி தோண்டி, அதற்குள் குழாயை இறக்கி வெட்டி வைத்திருக்கிறார்கள். குழிக்கும் சாக்கடைக்கும் நடுவில் ஒரு செங்கல் அகலம். முதல் பத்து நிமிஷம் சாம்பல் நிறத்தில் வந்தது. நாற்றம். அதைப் பிடித்து வாசலுக்கு ஊற்றினார்கள். அப்புறம் தெளிந்தது. தெளிந்ததும் குடிக்கப் பிடிக்கிறார்கள். வரும்போதெல்லாம் இப்படித்தான் என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். தையல்காரர் மனைவி, "உங்க பொண்ணு இந்தத் தெருவுலதான் வாழுது, உங்களுக்குத் தெரியாதா சார்? அதுவும் சின்னப் பொண்ணு கையெழுத்துப் போட்ட காகிதம் வேற ஒட்டினீங்க. அப்புறம் நாங்க என்னத்தச் சொல்றது?" என்றாள்.

காகிதங்களை நானே கிழித்தேன். காய்ச்சாமல் குடிக்காதீர்கள் என்று வீடு வீடாகச் சொன்னேன். சிலர் கதவைத் திறக்கவில்லை.

பாட்டில்களில் எந்த வீடு என்று எழுதியிருக்கிறேன். மூன்றாவது பெரியவள் வீடு. நீ புறப்பட்டு வா.

அப்பா


ஆய்வகம்
ஆகஸ்ட் 6

அன்புள்ள அப்பா,

நான் ஆஸ்பத்திரியில் இருந்த பதினைந்து நாளும் நாம் பேசிக்கொள்ளவில்லை. வார்டில் உங்களுக்குக் கேட்கும்படி பேசினால் எல்லோருக்கும் கேட்கும். அதனால் எழுதுகிறேன்.

எட்டில் ஆறு பாட்டிலில் சாக்கடைக் கிருமி இருந்தது. மூன்றாவதிலும். மேடம் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் உங்கள் அலுவலகத்துக்குப் போய்விட்டது. கடைசித் தெருவுக்குக் குழாயை நிறுத்தி, லாரியில் தண்ணீர் கொடுக்க ஆரம்பித்துவிட்டதாக அக்கா வீட்டுக்காரர் சொன்னார். நோய் கண்டவர்கள் மொத்தம் இருபத்து மூன்று பேர். அக்காவைத் தவிர எல்லோரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அக்காவும் வெள்ளிக்கிழமை வருகிறாள். அவள் ஈரல் தேறிவிட்டது என்று டாக்டரம்மா இரண்டு முறை சொன்னார். இந்த நிலையில் அந்த நோயிலிருந்து எழுந்ததே பெரிது என்றும் சொன்னார்.

குழந்தையை நீங்கள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பெண் குழந்தை. தலையில் நிறைய முடி இருந்தது. ஒரு கிலோவும் கொஞ்சமும் என்று நர்ஸ் எழுதிக்கொண்டார். மூச்சில்லாமல் பிறந்த குழந்தைக்கும் எடை எழுதுவார்கள் என்று எனக்கு அன்றுதான் தெரியும். அக்காவுக்கு அப்போது நினைவில்லை. பிறகு அவளிடம் சொன்னவள் நான்தான்.

கிருமி உள்ளே போய் நோயாக வெளியே தெரிய இரண்டு வாரமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். நீங்கள் அடுப்பை அணைக்க வைத்த பிறகு குடித்ததா, ரிப்போர்ட்டைப் பார்த்து அவள் காய்ச்சுவதை விட்ட வாரத்தில் குடித்ததா, எந்தத் தம்ளர் என்று யாராலும் சொல்ல முடியாது. நான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். நீங்களும் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நிறுத்திவிடுங்கள்.

வார்டில் மருந்துச் சீட்டின் பின்னால் 'கோபமா?' என்று எழுதி என்னிடம் நீட்டினீர்கள். நான் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். கோபம் இருக்கிறது. உங்கள் மேல் எவ்வளவோ அதே அளவு என் மேலும். மன்னித்துவிட்டேன் என்று எழுதலாம். அது என்னுடையது இல்லை, அக்காவுடையது. அதனால் எழுதவில்லை.

உங்கள் விசாரணை இருபதாம் தேதி என்று கேள்விப்பட்டேன். சூப்பர்வைசர் உங்களிடம் என்ன சொல்லிக்கொடுக்கிறார் என்பதும் எனக்குத் தெரியும். எல்லாக் குழாயிலும் பிடித்துத்தான் அனுப்பினேன், ஆய்வகம்தான் தப்பாகப் பார்த்தது என்று சொன்னால் உங்கள் வேலை தப்பும். பாட்டில்கள் கழுவப்பட்டுவிட்டன, உங்கள் சொல்லுக்கு எதிராகக் காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. நீங்கள் எனக்கு எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. அவற்றை நான் யாரிடமும் கொடுக்க மாட்டேன். நீங்கள் எப்படிச் சொன்னாலும் நான் மறுக்கப் போவதில்லை. என் பங்கை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இனி ஆறு மாதத்துக்கு நான் கையெழுத்துப் போட முடியாது. வேனோடு ஊர் ஊராகப் போய் மாதிரி எடுக்கும் வேலை. வீட்டுக்காரர்களிடம் நானே பேச வேண்டியிருக்கிறது. பேசுகிறேன்.

சின்னவள்


கடைசித் தெரு
செப்டம்பர் 8

என் சின்னவளுக்கு,

தபாலில் அனுப்புகிறேன். பெட்டி இப்போது வேறொருவர் பொறுப்பு.

விசாரணை முடிந்தது. ஒரு நீள மேஜை, மூன்று பேர். எனக்குக் கேட்கவில்லை என்றதும் கேள்விகளைத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். முதல் கேள்வி, எந்தெந்தக் குழாய்களில் மாதிரி எடுத்தீர்கள் என்பது. சூப்பர்வைசர் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் அவர் நாலு குழாயின் பேரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். நான், பொதுக்குழாய் ஒன்று, ஒன்பது வருஷமும், என்று எழுதினேன். பாட்டிலைக் கழுவியதையும் பவுடர் போட்டதையும் அவர்கள் கேட்காமலே எழுதினேன். ஏன் என்று கேட்டார்கள். தண்ணீர் சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு அவர்களில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீ எழுதிக் கொடுத்ததும் அந்த மேஜையில் இருந்தது.

வேலை போய்விட்டது. பம்ப் அறைக்குப் பக்கத்து வீட்டைக் காலி செய்யப் பத்து நாள் கொடுத்தார்கள். மாப்பிள்ளை லாரி கொண்டுவந்து, ஒரு வார்த்தை கேட்காமல் என் சாமான்களை ஏற்றினார். நான் எங்கேயாவது வாடகைக்கு இருந்துகொள்கிறேன் என்றேன். "ஏறுங்க மாமா," என்றார். இப்போது பெரியவள் வீட்டின் முன் அறையில் இருக்கிறேன்.

தெருவில் புதுக் குழாய்க்குத் தோண்டுகிறார்கள். சாக்கடையிலிருந்து ஆறடி தள்ளிப் போகிறது. குழிகளை எல்லாம் மூடிவிட்டார்கள். தையல்காரர் மறுபடி மிஷினில் உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்து நூலைக் கோக்கிறார். கோத்த நூலையே மறுபடி கோக்கிறார்.

பெரியவள் நடமாடுகிறாள். உடம்பு பாதியாகிவிட்டது. நான் வந்து ஒன்பது நாள் ஆகிறது. என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டைப் போட்டு மூடி வைத்துவிட்டுப் போகிறாள். நேரம் தவறியதில்லை. நீ எழுதிய கணக்கை நான் நிறுத்தவில்லை. நிறுத்த முடியவில்லை.

லாரித் தண்ணீரையும் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்று சுகாதாரத் துறையிலிருந்து வந்து சொன்னார்கள். வந்த மறுநாளிலிருந்து அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். விடிந்ததும் எழுந்து பெரிய பாத்திரத்தை ஏற்றுவேன். கொதிக்கும் சத்தம் எனக்குக் கேட்காது. அதனால் பக்கத்திலேயே நின்று, நீ சொன்னபடி புரண்டு வருவதைக் கண்ணால் பார்ப்பேன். ஆறியதும் துணி போட்டு மூடி வைப்பேன். அவள் அதைத் தொடுவதில்லை. தனியாகச் சின்னப் பாத்திரத்தில் தனக்கென்று காய்ச்சிக்கொள்கிறாள். நான் காய்ச்சியதை மாப்பிள்ளையும் நானும்தான் குடிக்கிறோம்.

நேற்று மத்தியானம் மாத்திரை போடும் நேரத்தில் அவளுடைய பாத்திரம் காலியாக இருந்தது. நான் காய்ச்சியதிலிருந்து ஒரு தம்ளர் எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். வாங்கவில்லை. தம்ளரைப் பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து, காதுக்குக் கேட்கும்படி, "காய்ச்சினதா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

மறுபடியும் கேட்டாள். மறுபடியும் சொன்னேன். அப்புறம்தான் வாங்கிக் குடித்தாள்.

இன்று காலையும் கேட்டாள்.

அப்பா